ஹெட்செட்டை மாட்டியதும் ஆல்டிமீட்டர் மங்குவது ஏன்? வீட்டு விமான சிமுலேட்டரில் வி.ஆர்.: ஒரு விளக்கம்

வீட்டுக் கணினியில் விமான சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் வாங்கலாமா என்று விசாரித்தால், நேர் எதிரான இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒரு முறை மாட்டிப் பறந்த பிறகு மானிட்டர் பக்கம் திரும்பவே மனம் வரவில்லை என்பார்கள் சிலர். எழுத்து தெரியவில்லை, படம் வெட்டி வெட்டி ஓடுகிறது, தலை சுற்றுகிறது, இரண்டே வாரத்தில் பெட்டிக்குள் வைத்துவிட்டோம் என்பார்கள் வேறு சிலர். இந்தக் குழப்பம் போதாதென்று, 2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, பழுதே இல்லாத ஒரு வகை ஹெட்செட்டுகளை முற்றிலும் செயலிழக்கச் செய்தது.

இரு தரப்பினரும் சொல்வது உண்மைதான். வி.ஆர். விமானத்துக்கு வெளியே பார்க்கும் பார்வையை நிஜத்துக்கு மிக அருகில் கொண்டுவருகிறது; அதற்கு விலையாக, உள்ளே இருக்கும் எழுத்தை வாசிக்கும் வசதியையும், மேசை மீதுள்ள பொருளைக் கை நீட்டி எடுக்கும் வசதியையும் குறைத்துவிடுகிறது. ஒருவர் எந்த வகைப் பறத்தலில் ஈடுபடுகிறார் என்பதைப் பொறுத்தே இந்தப் பேரம் லாபமா நட்டமா என்பது முடிவாகிறது. அந்த விலை எங்கிருந்து வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஹெட்செட்டுக்குள் நடப்பது

வி.ஆர். ஹெட்செட் என்பது கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறிய திரைகளையும், அவற்றுக்கு முன்னே இரண்டு லென்ஸ்களையும், தலையின் அசைவை அளக்கும் உணரிகளையும் கொண்ட ஒரு கருவி. சிமுலேட்டர் ஒவ்வொரு நொடியும் பல முறை, இடக் கண்ணுக்கு ஒரு படமும் வலக் கண்ணுக்குச் சற்றே விலகிய கோணத்தில் இன்னொரு படமும் வரைகிறது. தலையைத் திருப்புவது மட்டுமல்லாமல், முன்னே சாய்வது, பக்கவாட்டில் நகர்வது, எம்பிப் பார்ப்பது ஆகிய எல்லா அசைவுகளையும் கருவி அளந்து, அதற்கேற்ப விமானி அறைக்குள் கண்ணின் இடத்தை மாற்றுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. மானிட்டரில் விமானி அறை எப்போதும் ஏதோ ஒரு விகிதத்தில் சுருங்கியோ விரிந்தோதான் தெரியும். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும், சிறிதாகும். ஹெட்செட்டில் அப்படி இல்லை. செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் முகப்புப் பலகை நிஜத்தில் எவ்வளவு அகலமோ, எத்தனை தொலைவில் இருக்குமோ, அதே அகலத்திலும் தொலைவிலும் தெரியும். பெரிய பயணிகள் விமானத்தில் அமர்ந்தால், தரையிலிருந்து எத்தனை உயரத்தில் விமானி உட்கார்ந்திருக்கிறார் என்பதை எந்த எண்ணும் சொல்லாமலே உடல் உணர்ந்துகொள்ளும். வி.ஆர். பற்றிய புகழ்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒன்றுக்கு ஒன்று அளவுக்குத்தான் உரியது.

கழுத்து திரும்புவதன் பயன்

சிறிய விமானம் ஒன்று ஓடுபாதையைச் சுற்றிவந்து இறங்கும் வழக்கமான சுற்றை எடுத்துக்கொள்வோம். ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிர்த்திசையில் பறக்கும் பகுதிக்கு டவுன்விண்ட் என்று பெயர். அங்கிருந்து ஒரு திருப்பம் பேஸ். இன்னொரு திருப்பம் ஃபைனல். முதல் திருப்பத்தை எப்போது தொடங்குவது என்பதற்கு விமானப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் குறி எளிமையானது: ஓடுபாதையின் தொடக்கம் தோளுக்குப் பின்னே சுமார் 45 பாகையில் தெரியும்போது திருப்ப வேண்டும்.

இந்தக் குறியை மானிட்டரில் பிடிப்பது சிரமம். 27 அங்குல மானிட்டரை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால், அது கண்ணின் பார்வையில் அடைக்கும் கோணம் ஏறக்குறைய 53 பாகைதான். தோளுக்குப் பின்னே பார்க்க வேண்டுமென்றால் ஜாய்ஸ்டிக்கின் மேலுள்ள சிறு குமிழைத் தள்ளி, காட்சியைச் சுழற்றி, மறுபடி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் விமானம் உயரம் இழந்திருக்கும், அல்லது திசை விலகியிருக்கும். ஹெட்செட்டில் கழுத்தைத் திருப்பினால் போதும். கை கட்டுப்பாட்டுக் கோலிலேயே இருக்கும்.

நேபாளத்தின் லுக்லா விமான நிலையம் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கும் அதன் ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர், சரிவு 11.7 விழுக்காடு. இறங்கும் விமானம் மேட்டை நோக்கி இறங்குகிறது. பாதையின் மறுமுனைக்கு அப்பால் மலை. மேடேறும் ஓடுபாதையைப் பார்க்கும் விமானிக்குத் தான் அளவுக்கு மேல் உயரத்தில் வருவதாக ஒரு மயக்கம் ஏற்படும். அதை நம்பி உயரத்தைக் குறைத்தால் பாதைக்கு முன்னாலேயே மலைச்சரிவில் மோத நேரிடும். மானிட்டரில் அந்தச் சரிவு ஒரு சாம்பல் நிறக் கட்டமாகத் தட்டையாகிவிடுவதால் மயக்கமும் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஹெட்செட்டில் பாதை எழும்பி நிற்பது தெரிகிறது, மயக்கமும் சேர்ந்தே வருகிறது. நிஜத்தின் சங்கடத்தையும் சேர்த்துக் கொடுப்பதுதான் நல்ல சிமுலேட்டருக்கு அடையாளம் என்றால், இதைக் குறையாகச் சொல்ல முடியாது.

பரவலான ஒரு தவறான நம்பிக்கையை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. ஓடுபாதையின் ஆழம் தெரிவதற்கு இரு கண் பார்வைதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மனிதக் கண்மணிகளுக்கு இடையிலான சராசரித் தூரம் சுமார் 63 மில்லிமீட்டர். 75 சென்டிமீட்டரில் இருக்கும் முகப்புப் பலகையை இரு கண்களும் பார்க்கும் கோண வேறுபாடு ஏறக்குறைய 5 பாகை. ஆகவே அங்கே ஆழம் துல்லியமாகத் தெரியும். 100 மீட்டர் தொலைவிலுள்ள பொருளுக்கு அந்த வேறுபாடு ஒரு பாகையின் அறுபதில் இரண்டு பங்கைச் சற்றே தாண்டுகிறது. மெட்டா குவெஸ்ட் 3 போன்ற ஹெட்செட்டில் ஒரு பிக்சலின் அகலமே அதைவிட அதிகம். ஆகவே, தொலைவிலுள்ள ஓடுபாதை ஆழமாகத் தோன்றுவதற்குக் காரணம் சரியான அளவும், பரந்த பார்வையும், தலை அசையும்போது சன்னல் சட்டத்துக்குப் பின்னே வெளிக்காட்சி நகர்வதும்தான். இரு கண் பார்வை கைகொடுப்பது சக்கரம் தரையைத் தொடுவதற்கு முந்தைய கடைசிச் சில மீட்டர்களில் மட்டுமே. ஹெலிகாப்டரைத் தரைக்கு மேலே அசையாமல் நிறுத்திவைப்பவர்களுக்கு வி.ஆர். கூடுதலாக உதவுவதும் இதனால்தான்.

எழுத்து ஏன் மங்குகிறது

குவெஸ்ட் 3-இன் திரை ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 பிக்சல். ஒரு 4கே மானிட்டரில் 3840க்கு 2160. இரு கண்ணுக்கும் சேர்த்துக் கூட்டினால் ஹெட்செட்டின் பிக்சல்கள் மானிட்டரைவிடச் சற்றே அதிகம். அப்படியிருந்தும் எழுத்து மங்கலாகத் தெரிவது வாங்கியவர்களைக் குழப்புகிறது.

இங்கே பார்க்க வேண்டியது மொத்தப் பிக்சல்களின் எண்ணிக்கையை அல்ல, பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குள் எத்தனை பிக்சல்கள் அடங்குகின்றன என்பதை. மேலே சொன்ன 27 அங்குல மானிட்டரில் 3840 பிக்சல்கள் 53 பாகைக்குள் அடங்குகின்றன. பாகைக்குச் சுமார் 72. ஹெட்செட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் பிக்சல்கள் நூறு பாகைக்கும் மேல் பரந்து கிடக்கின்றன. லென்ஸின் நடுப்பகுதியில் பாகைக்குச் சுமார் 25 தேறும். குறையில்லாத பார்வையுள்ள கண் பாகைக்கு ஏறக்குறைய 60 பிக்சல் வரை வேறுபடுத்திப் பார்க்கும். ஒரே அளவு மாவைச் சின்னக் கல்லிலும் பெரிய கல்லிலும் தோசையாக ஊற்றினால் எது மெல்லியதாக வருமோ, அதே கதைதான்.

உயரத்தைக் காட்டும் கருவியான ஆல்டிமீட்டரின் முகத்தில் ஒரு சிறு சன்னல் உண்டு. அன்றைய காற்றழுத்தத்தை அதில் வைத்தால்தான் உயரம் சரியாகக் காட்டும். அதிலுள்ள எண்களின் உயரம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 75 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது அந்த எண் கண்ணில் அடைக்கும் கோணம் ஒரு பாகையில் கால் பங்குக்கும் குறைவு. பாகைக்கு 25 பிக்சல் என்றால், ஓர் எண்ணை வரையக் கிடைப்பது ஐந்து அல்லது ஆறு பிக்சல்கள். ஆறு பிக்சல் உயரத்தில் 3-ஐயும் 8-ஐயும் பிரித்தறிவது நல்ல லென்ஸிலேயே ஊகமாகிவிடும். முகத்தைப் பாதித் தூரத்துக்கு முன்னே கொண்டுபோனால் பிக்சல்கள் இரு மடங்காகி, எண் பளிச்சென்று தெரியும். ஹெட்செட்டில் பறப்பவர்கள் அடிக்கடி மூக்கை நீட்டிக் குனிவதன் காரணம் இதுவே. சில கருவிகளை மட்டுமே கொண்ட பழைய செஸ்னாவில் இது தொந்தரவே இல்லை. பயணிகள் விமானத்தில், மடிக்கு அருகிலுள்ள கணினியில் முப்பது வழிப்புள்ளிகளைத் தட்டிச் சரிபார்க்கும்போது கழுத்து வலிக்கும்.

பாகைக்கு அதிகப் பிக்சல் தரும் கருவிகளும் இருக்கின்றன. பிமாக்ஸ் கிரிஸ்டல் ஒரு கண்ணுக்கு 2880க்கு 2880, அதே நிறுவனத்தின் கிரிஸ்டல் சூப்பர் 3840க்கு 3840. இவற்றில் எழுத்து வாசிக்கும் சிக்கல் பெருமளவு தீர்கிறது. ஆனால் சுமை அப்படியே கணினியின் தலைமீது ஏறுகிறது.

ஒரு படத்துக்கு 11 மில்லி விநாடி

90 ஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் ஹெட்செட்டுக்கு நொடிக்கு 90 படங்கள் தேவை. ஒரு படத்தை வரையக் கிடைக்கும் அவகாசம் 11.1 மில்லி விநாடி. 72 ஹெர்ட்ஸ் என்றால் 13.9. மானிட்டரில் நொடிக்கு 35 படங்கள் வந்தாலும் நிதானமாகப் பறக்கலாம். ஹெட்செட்டில் அப்படிப் பறந்தால், தலையைத் திருப்பும்போது உலகம் பின்தங்கி இழுபடும். வயிறு அதை உடனே கவனித்துவிடும்.

அதோடு, வரைய வேண்டிய படத்தின் அளவும் திரையின் அளவைவிடப் பெரியது. லென்ஸ் படத்தை வளைக்கிறது. அந்த வளைவை ஈடுகட்ட எதிர்த்திசையில் வளைத்து வரைய வேண்டும். நடுப்பகுதி தெளிவிழக்காமலிருக்கக் கூடுதல் பிக்சல்கள் வேண்டும். 2160க்கு 2160 திரை கொண்ட எச்பி ரிவர்ப் ஜி2 ஹெட்செட்டுக்கு, ஹெட்செட்டை இயக்கும் மென்பொருளான ஸ்டீம்விஆர் பரிந்துரைத்த அளவு, கண்ணுக்கு ஏறக்குறைய 3100க்கு 3100. இரு கண்ணுக்கும் சேர்த்து 1.9 கோடிப் பிக்சல்கள். 4கே மானிட்டரில் 83 லட்சம்தான்.

ஆனால் விமான சிமுலேட்டரில் நெரிசல் பல நேரங்களில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டில் ஏற்படுவதே இல்லை. காற்றியக்கக் கணக்கு, விமானத்தின் உள்ளமைப்புகள், சுற்றிலும் பறக்கும் பிற விமானங்கள், எதை எங்கே வரைவது என்று கார்டுக்குக் கட்டளையிடும் வேலை ஆகியவற்றில் பெரும்பங்கு செயலியின் ஒற்றை இழையில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. அதற்கு மெயின் த்ரெட் என்று பெயர். அது 20 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், எத்தனை லட்ச ரூபாய்க் கார்டைச் செருகினாலும் நொடிக்கு 50 படங்களைத் தாண்டாது. ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்ற, பெரிய கேஷ் நினைவகம் கொண்ட செயலிகளைச் சிமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் தேடிப்போய் வாங்கியது இதனால்தான். கார்டை மாற்றிவிட்டுப் பயன் தெரியாமல் புலம்புகிறவர்களில் பலர், மாற்றியிருக்க வேண்டியது செயலியை.

நெரிசல் எங்கே என்று கண்டுபிடிக்க இப்படிச் செய்யலாம்:

1. சிமுலேட்டரின் அமைப்புகளில் ரெண்டர் ஸ்கேலை (வரையும் படத்தின் அளவு விகிதத்தை) 100-இலிருந்து 60-க்குக் குறைத்துப் பார்க்கவும். படங்களின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தால் நெரிசல் கிராபிக்ஸ் கார்டில். அசையாமல் நின்றால் செயலியில்.

2. கார்டில் நெரிசல் என்றால் மேகங்களின் தரம், நிழல், ரெண்டர் ஸ்கேல் ஆகியவற்றைக் குறைக்கலாம். டிஎல்எஸ்எஸ் என்ற வசதி சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கித் தருவதால் சுமை நன்றாகக் குறையும். ஆனால் மின்னணுத் திரைகளில் வேகமாக மாறும் எண்களுக்குப் பின்னே ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு வரும். ஏற்கெனவே மங்கலாகத் தெரியும் எழுத்துக்கு இது கூடுதல் தண்டனை.

3. செயலியில் நெரிசல் என்றால் நிலப்பரப்பின் விவரத் தொலைவு, பிற விமானங்களின் போக்குவரத்து, விமானி அறை மின்னணுத் திரைகளின் புதுப்பிப்பு வேகம் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். இங்கே ரெண்டர் ஸ்கேலைக் குறைப்பதால் கிடைப்பது மங்கலான படம் மட்டுமே, வேகம் வராது.

இவ்வளவுக்குப் பிறகும் 90 எட்டவில்லை என்றால் கைகொடுப்பது இடைப்படம் செருகும் உத்தி. நொடிக்கு 45 படங்களை மட்டும் வரைந்து, இடையிலுள்ள 45 படங்களை முந்தைய அசைவை வைத்து ஊகித்து உருவாக்குவார்கள். ஆக்குலஸ் 2016-இல் இதற்கு வைத்த பெயர் ஸ்பேஸ்வார்ப். ஸ்டீம்விஆரில் மோஷன் ஸ்மூத்திங். நேராகப் பறக்கும்போது ஊகம் சரியாக இருக்கும். சுழலும் இறக்கைவிசிறிக்குப் பின்னே தெரியும் நிலத்தையோ, தாழப் பறக்கும்போது சன்னல் சட்டத்தைக் கடந்து ஓடும் மரங்களையோ ஊகிப்பது கடினம்; அந்த இடங்களில் படத்தின் ஓரம் வெந்நீர் ஆவிக்குப் பின்னே தெரிவதுபோல நெளியும். 50-க்கும் 80-க்கும் இடையே தத்தளிக்கும் வேகத்தைவிட, 72 ஹெர்ட்ஸில் உறுதியான 36 படங்களும் இந்த நெளிவும் கண்ணுக்கு இதம் என்பதே என் கணிப்பு.

கண்ணின் இயல்பையே பயன்படுத்திக்கொள்ளும் உத்தி இன்னொன்று. பாகைக்கு 60 பிக்சல் வீதம் நூறு பாகைப் பரப்பு முழுவதையும் வரைய வேண்டுமானால் ஒரு கண்ணுக்கு 3.6 கோடிப் பிக்சல்கள் வேண்டும். இன்றைய வீட்டுக் கணினியால் 11 மில்லி விநாடிக்குள் அது முடியாது. ஆனால் மனிதக் கண் உச்சத் தெளிவுடன் பார்ப்பது நடுவிலுள்ள சுமார் இரண்டு பாகையை மட்டுமே. கண்மணி எங்கே பார்க்கிறது என்று அளக்கும் ஹெட்செட்டுகளில், அந்த இடத்தை மட்டும் முழுத் தெளிவுடன் வரைந்து மற்றதைக் குறைத்து வரையலாம். பிமாக்ஸ் கிரிஸ்டலிலும் மெட்டா குவெஸ்ட் புரோவிலும் கண்ணைப் பின்தொடரும் வசதி உண்டு. குவெஸ்ட் 3-இல் இல்லை. போர் விமான சிமுலேட்டரான டிசிஎஸ்-இல் இந்த உத்தி நல்ல பலன் தருகிறது.

கம்பியில் வரும் படமும் காற்றில் வரும் படமும்

ரிவர்ப் ஜி2, பிமாக்ஸ் கிரிஸ்டல் போன்றவை மானிட்டரைப் போலவே டிஸ்பிளேபோர்ட் கம்பியில் படத்தை அப்படியே வாங்கிக்கொள்கின்றன. குவெஸ்ட் வகைக் கருவிகள் அடிப்படையில் தனித்து இயங்கும் சிறு கணினிகள். அவற்றைப் பெரிய கணினியுடன் இணைக்கும்போது, கிராபிக்ஸ் கார்டு படத்தைக் காணொளியாகச் சுருக்கி அனுப்ப, ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. யூஎஸ்பி கம்பி ஆனாலும் வைஃபை ஆனாலும் இந்தச் சுருக்கம் உண்டு. விளைவாக மேகமும் காடும் சற்றே பிசிறடிக்கும், சிறு தாமதமும் சேரும். சிமுலேட்டர்வாசிகளுக்கு இந்தத் தாமதம் பெரிய இடையூறு இல்லை. வைஃபையில் இணைக்கிறவர்கள் கணினியை ரூட்டருடன் கம்பியால் இணைத்து, அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தினால் பாதித் தொல்லை குறையும். யூஎஸ்பி கம்பியில் இணைத்திருந்தும் மின்கலம் மெல்ல இறங்கிக்கொண்டே போவது பழுது அல்ல; பல கணினிகளின் யூஎஸ்பி வாய் தரும் மின்சாரம் அந்தக் கருவியின் செலவுக்குப் போதாது.

கண் மறைந்த கை

ஹெட்செட் மாட்டியவருக்கு விசைப்பலகை தெரியாது, தேநீர்க் கோப்பை தெரியாது, காகிதத்தில் அச்சிட்டு வைத்த இறங்கும் வரைபடம் தெரியாது. கட்டுப்பாட்டுக் கோல், இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், பெடல் ஆகியவை எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதால் கை அவற்றைப் பழகிக்கொள்ளும். மற்றதெல்லாம் தடுமாற்றம்தான்.

போர் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிதாக உறைப்பதில்லை. கோலிலிருந்தும் த்ராட்டிலிலிருந்தும் கையை எடுக்காமலே எல்லாவற்றையும் செய்யும்படி நிஜப் போர் விமானங்களே வடிவமைக்கப்பட்டிருப்பதால், ஹோட்டாஸ் என்ற அந்த அமைப்பு வீட்டிலும் அப்படியே பொருந்துகிறது. பயணிகள் விமானத்தில் நூறு விசைகள். அவற்றை மவுஸின் சுட்டியால் தொடலாம். ஹெட்செட்டுடன் வரும் கைக்கருவிகளால் எட்டித் தொடலாம். சில கருவிகளில் வெறுங்கையையே கேமரா அடையாளம் காணும். நடைமுறையில் பெரும்பாலோர் மவுஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஏனெனில் கைக்கருவியை எடுக்க வேண்டுமென்றால் கோலை விட வேண்டும். எடுத்த பிறகு அதை வைக்க இடம் தேட வேண்டும்.

மூக்குப் பகுதியில் உள்ள சிறு இடைவெளியை முழுக்க அடைக்காமல் விட்டுவைப்பது நல்லது என்று பழகியவர்கள் சொல்வார்கள். அதன் வழியே கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் விசைப்பலகையின் ஓரம் தெரியும்.

தலைச்சுற்றல் எங்கிருந்து வருகிறது

ஏற்காட்டு மலைப்பாதையில் பேருந்துக்குள் புத்தகம் படித்தால் குமட்டுகிறது. உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு வளைவை உணர்கிறது. புத்தகத்தில் நிலைத்திருக்கும் கண் அசைவே இல்லை என்கிறது. வி.ஆரில் இதே சண்டை தலைகீழாக நடக்கிறது: விமானம் சாய்ந்து திரும்புவதாகக் கண் சொல்ல, நாற்காலி அசையவில்லை என்று காது சொல்கிறது. ஒருவிதத்தில் சிமுலேட்டர் மற்ற வி.ஆர். விளையாட்டுகளைவிட மென்மையானது, நிஜத்திலும் உட்கார்ந்திருக்கிறோம், விமானி அறையின் சட்டம் கண்முன் அசையாமல் நிற்கிறது. ஆகவே வானில் நேராகப் பறக்கும்போது பெரும்பாலோர்க்கு ஒன்றும் செய்வதில்லை. தரையில் ஓட்டிச்சென்று சட்டென்று திரும்பும்போதும், படம் ஒரு கணம் உறைந்து நிற்கும்போதும், விமானத்துக்கு வெளியிலிருந்து பார்க்கும் காட்சியிலும்தான் வயிறு புரளுகிறது.

முதல் வாரம் பதினைந்து, இருபது நிமிடங்களுடன் நிறுத்திக்கொள்வதும், குமட்டல் தொடங்கிய உடனே கழற்றிவிடுவதும் பயன்தரும். பொறுத்துக்கொண்டு பழகிவிடலாம் என்பது பெரும்பாலும் எதிர்மாறாகவே முடிகிறது. முகத்துக்கு நேரே மேசை விசிறி வைத்துக்கொள்வது பலரது வழக்கம். நம் ஊர் மே மாதத்தில் அது ஆடம்பரம் ஆகாது. வியர்வையில் லென்ஸ் புகைபிடித்ததுபோல ஆவி படிந்துவிடும்.

கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, அதற்கேற்ப லென்ஸ்களை நகர்த்தி வைப்பதைப் பலர் செய்வதே இல்லை. கண் மருத்துவர் மூக்குக் கண்ணாடிக்கு எழுதித் தரும் சீட்டில் சில நேரம் அந்த அளவு இருக்கும். குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைகள். குவெஸ்ட் 3-இல் 58 முதல் 71 வரை சக்கரத்தைத் திருகி வைக்கலாம். இந்த அளவு பிசகினால் கண்ணைச் சுற்றி ஒரு வலி வரும். எழுத்தும் கூடுதலாக மங்கும். ஹெட்செட்டைக் கழற்றி வைக்கும்போது லென்ஸ் சன்னலைப் பார்த்திருக்கக் கூடாது என்பதும் இங்கே சொல்லத்தக்கது: லென்ஸ் வழியே குவியும் வெயில் சில நிமிடங்களில் திரையைச் சுட்டுவிடும்.

ஒரு புதுப்பிப்பு விழுங்கிய ஹெட்செட்டுகள்

மைக்ரோசாஃப்ட் 2017-இல் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற தளத்தை விண்டோஸுக்குள்ளேயே சேர்த்தது. ஏசர், டெல், எச்பி, லெனோவோ, சாம்சங் ஆகிய நிறுவனங்கள் அதற்கு ஹெட்செட்டுகளைத் தயாரித்தன. 2020-இல் வெளிவந்த எச்பி ரிவர்ப் ஜி2, அன்றைய விலைக்கு எழுத்து தெளிவாகத் தெரிந்த கருவி என்பதால் சிமுலேட்டர்வாசிகளின் செல்லப்பிள்ளையானது. அதே ஆண்டு வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு வி.ஆர். வரப்போகிறது என்று அறிவித்தபோது, மைக்ரோசாஃப்ட் முதலில் சொன்ன கருவியின் பெயரும் அதுதான். வி.ஆர். வசதி 2020 டிசம்பரில் வந்தது.

2023 டிசம்பரில் அந்தத் தளத்தைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 24எச்2 பதிப்பில் அதை நீக்கியும்விட்டது. தளம் இல்லாமல் ரிவர்ப் ஜி2-க்கு உயிரில்லை: வன்பொருள் நன்றாகவே இருக்க, அதனுடன் பேச வேண்டிய மென்பொருள் மட்டும் காணாமல் போனது. சிமுலேட்டரும் அவர்களுடையது, இயங்குதளமும் அவர்களுடையது என்பதால் எழுந்த கசப்பு நியாயமானதே. 2025-இல் ஒரு தனிநபர் முயற்சியாக ஒயாசிஸ் என்ற இலவச டிரைவர் மென்பொருள் வெளிவந்து, என்விடியா கார்டு உள்ள கணினிகளில் ஸ்டீம்விஆர் வழியாக இந்த ஹெட்செட்டுகளுக்கு மறுவாழ்வு தந்தது.

ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற பொதுத்தரம் இருந்தும் இப்படி ஆனது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். குரோனோஸ் கூட்டமைப்பு 2019-இல் வெளியிட்ட அந்தத் தரம், சிமுலேட்டருக்கும் ஹெட்செட் மென்பொருளுக்கும் இடையிலான பேச்சைத்தான் ஒழுங்குபடுத்துகிறது. அதன் பயனாக, ஒவ்வொரு ஹெட்செட்டுக்கும் தனித்தனியே சிமுலேட்டரை எழுத வேண்டியதில்லை. ஹெட்செட் மென்பொருளுக்கும் கருவிக்கும் இடையிலான பேச்சு அந்தந்த நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது; அங்கே கதவைச் சாத்தினால் பொதுத்தரத்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் கையாக மலிவு விலையில் ஹெட்செட் வாங்க நினைப்பவர்கள், அதன் மென்பொருள் இன்னும் பராமரிக்கப்படுகிறதா என்பதைத் திரையின் பிக்சலுக்கு முன்பாகப் பார்க்க வேண்டும்.

பயிற்சியாகக் கணக்கில் வருமா

வி.ஆர். தொழில்முறைப் பயிற்சிக்குள்ளும் நுழைந்துவிட்டது. அமெரிக்க விமானப்படை 2018-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் தொடங்கிய பைலட் டிரெய்னிங் நெக்ஸ்ட் திட்டத்தில், கடையில் கிடைக்கும் ஹெட்செட்டுகளையே மாணவர்களுக்குக் கொடுத்தது. 2021 ஏப்ரலில், சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று உருவாக்கிய ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கான வி.ஆர். பயிற்சிக் கருவிக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை தகுதிச் சான்று அளித்தது, வி.ஆர். அடிப்படையிலான கருவிக்கு அது அளித்த முதல் சான்று அதுவே. முதல் சான்று ஹெலிகாப்டருக்குப் போனதற்குக் காரணம் உண்டு. அசையாமல் நிற்பது, இன்ஜின் நின்றபின் சுழலியின் வேகத்தை மட்டும் கொண்டு இறங்குவது போன்றவற்றில் தரையின் உயரத்தைக் கண்ணால் கணிப்பதே உயிர்; நிஜத்தில் பழகுவது ஆபத்து. அந்தக் கருவிக்கு அசையும் மேடையும், நிஜ அளவிலான கட்டுப்பாடுகளும் உண்டு. விமானியின் கை எங்கே இருக்கிறது என்பதையும் அளந்து காட்சிக்குள் வரைந்து காட்டுகிறது.

வீட்டு மேசையில் இவை எதுவும் இல்லை. வீட்டில் பறந்த மணிநேரத்தை உரிமத்துக்கான கணக்கில் எழுத முடியாது. ஆனால் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவருக்கு இறங்கும் சுற்றின் வரிசையும், எப்போது எங்கே பார்ப்பது என்ற கழுத்தின் பழக்கமும் வீட்டிலிருந்தே கூட வரும். கோலின் எடை, பெடலின் அழுத்தம், இருக்கை வழியே உடல் உணரும் சறுக்கல் ஆகியவை வராது. கருவிகளையே வெறித்துப் பார்க்கும் பழக்கம் சிமுலேட்டரிலிருந்து வரும் மாணவர்களிடம் இருப்பதாகப் பயிற்சியாளர்கள் குறைப்படுவதுண்டு. ஹெட்செட்டில் கருவிகள் மங்கலாகத் தெரிவதால் கண் தானாகவே வெளியே போகிறது என்பதை, விரும்பினால், ஒரு தற்செயலான நன்மையாகக் கொள்ளலாம்.

யார் வாங்கலாம், யார் பொறுக்கலாம்

சிறு விமானத்தில் கண்பார்வையால் வழி கண்டு பறப்பவர், ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர், கிளைடரில் மேலெழும் காற்றைத் தேடுகிறவர், போர் விமானத்தில் எதிரியைத் தோளுக்கு மேலே துரத்திப் பார்க்கிறவர் ஆகியோருக்குச் செலவு வீணாகாது. மங்கலான எழுத்து அவர்களுடைய வேலையில் சிறு பங்குதான். இணையத்தில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுடன் பேசிக்கொண்டு, வரைபடங்களைப் புரட்டியபடி, ஏர்பஸ் ஏ320-ஐப் புத்தக முறைப்படி ஓட்டுகிறவர்கள் பொறுக்கலாம். அவர்களுக்குத் தலையசைவைத் தொடரும் கருவியும் பெரிய மானிட்டருமே இன்றைக்கும் உகந்தவை. இரண்டு வகையிலும் பறப்பவர்கள் ஒன்றைத் தேர்ந்து மற்றதைக் கைவிட வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் கண்ட்ரோல், டேப் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால், பறந்துகொண்டிருக்கும்போதே மானிட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கும் திரும்பவும் மாறலாம். சென்னையிலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரம் தானியங்கியில் பறக்கும் விமானத்தை மானிட்டரிலேயே விட்டுவிட்டு, பாதை வரைபடத்தை முடித்து, தாழ இறங்கத் தொடங்கியதும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஸ்பேஸ் விசையைத் தட்டி இருக்கையின் மையத்தைச் சரிசெய்துகொண்டால், ஓடுபாதை விளக்குகள் கண்ணில் படும் நேரத்துக்கு விமானி தன் இருக்கையில் இருப்பார்.